சளிக்கு ஒரு பீடி

"ஏட்டி, நீ என்ன டாக்டருக்கா படிச்சிருக்க?"

ஐந்து வருஷத்துக்கு முன் என் தாய்மாமா என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்ட இடம், குற்றாலம் பேரருவிக் கரை. அப்போது அவர் கையில் ஒரு பீடி எரிந்துகொண்டிருந்தது. அதைத் தன் மகன் சங்கரனிடம் நீட்டிக்கொண்டிருந்தார். சங்கரனுக்கு அன்று வயது பதிமூன்று.

"சின்னப் பையனுக்கு எதுக்கு மாமா?" என்றேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. எட்டாவது முடித்து, ஆசிரியைப் பயிற்சிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். ஆகவே, வாய் கொஞ்சம் நீளம் – இன்றும் அப்படித்தான், வாசகர்களுக்குத் தெரியாததா!

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டு வயது வரை பையன்கள் அம்மாவோடு பெண்கள் பக்கம் குளிப்பார்கள். பதிமூன்றாவது வயதில், சாரல் சீசனுக்குத் தகப்பனாரோ தாய்மாமாவோ மூத்த அத்தானோ கூட்டிப்போய் ஆண்கள் பக்கம் நிறுத்துவார். அதற்கு 'முதல் குளியல்' என்று பெயர். பையன் நடுங்கிக்கொண்டு வெளியே வந்ததும், பெரியவர் கையாலேயே அவன் வாயில் ஒரு பீடி வைக்கப்படும்.

ஏன்? அருவித் தண்ணீர் நெஞ்சில் இறங்கிச் சளி கட்டுமாம். புகை உள்ளே போய் அதை உலர்த்திவிடுமாம்.

நெஞ்சு என்ன, அடுப்புக்கு மேல் கொடியில் போட்ட ஈர வேட்டியா?

அன்று சங்கரன் முதல் இழுப்பிலேயே கண்ணில் நீர் வர இருமினான். மாமா என்னைப் பார்த்து வெற்றியோடு சிரித்தார். "பாத்தியா, சளி கிளம்புது!"

சளி கிளம்பியதோ இல்லையோ, இருமல் கிளம்பிவிட்டது. இருமலுக்குச் சளிதானே காரணம்? சளிக்குப் பீடிதானே மருந்து? ஆக, இருமலுக்கு ஒரு பீடி. அந்தப் பீடியால் வந்த இருமலுக்கு இன்னொரு பீடி. இப்படி நோயும் மருந்தும் கைகோத்துக்கொண்டு வளர்ந்ததை நான் வேறெந்த வைத்தியத்திலும் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து, தங்கள் ஊரான வடகரையின் கடைத்தெருவில் சங்கரன் தானாகவே பீடி வாங்கியதை மாமா பார்த்துவிட்டார். புளிய விளாறு பிய்ந்து போகும்வரை அடி. அருவிக்கரையில் அப்பா கொடுத்தால் மருந்து. கடைத்தெருவில் மகன் வாங்கினால் ஒழுக்கக் கேடு! அதே இலை, அதே தூள், அதே நூல்...

பெண்கள் பக்கம் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். நான் டீச்சரான பிறகு என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்குப் பல்வலி. வீட்டில் ஒரு துண்டு புகையிலையை ஈறில் அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். வலி எப்போதோ போய்விட்டது. புகையிலை மட்டும் கன்னத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. பதினைந்து வயதில் இடுப்பில் சுருக்குப்பை. கேட்டால், "மறுபடி வலி வந்துட்டா, டீச்சர்?" என்கிறாள். என்ன முன்யோசனை!

சீசனுக்கு வரும் சீமான்கள் கதை தனி. மூலிகைத் தண்ணீரில் உடம்பைத் தேற்ற வருகிறார்கள். ஒரு மணி நேரம் அருவி. பிறகு அறைக்குப் போய், குளிருக்கு இதமாக பிராந்தி. கூட வந்த மீசை முளைக்காத பிள்ளைக்கும் ஒரு மூடி. பாட்டிலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் 'மருந்து'தான். நம் ஊரில் விஷத்துக்குக்கூட வைத்தியர் சிபாரிசு தேவைப்படுகிறது.

சங்கரனுக்கு வருகிறேன். போன மாதம் திருநெல்வேலியில் போலீஸுக்கு ஆள் எடுத்தார்கள். மகனை போலீஸ் தொப்பியில் பார்ப்பதுதான் மாமாவின் ஒரே கனவு. சங்கரனுக்கும் அதே கனவு. நல்ல உயரம், நல்ல தோள். மகன் போலீஸ் ஆகிவிட்டான் என்று செலக்‌ஷனுக்கு முன்பே மாமா வடகரை முழுக்கச் சொல்லிவிட்டார்.

மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். மூன்றாவது சுற்றில் சங்கரன் குனிந்து நின்றுவிட்டான். "நெஞ்சுக்குள்ள யாரோ கதவச் சாத்துன மாதிரி இருந்துச்சு, மதினி" என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். அப்புறம் டாக்டர் நெஞ்சு எவ்வளவு விரிகிறது என்று அளக்க டேப் வைத்து, மூச்சை இழு என்றாராம். இழுத்தது மூச்சு; வந்தது இருமல். டேப் நகரவே இல்லை.

எத்தனை வருஷமாய்ப் பீடி என்று டாக்டர் கேட்டார். சளிக்குத்தான் என்றான் இவன். யார் சொன்ன வைத்தியம் என்று கேட்டார். சங்கரன் வேலிக்கு வெளியே நின்ற தன் அப்பாவைப் பார்த்தான். டாக்டரும் பார்த்தார். பீடியை முழுக்க விட்டுவிட்டு அடுத்த தடவை வா என்று அனுப்பிவிட்டார்.

மாமா என்ன சொன்னார் தெரியுமா? கண் பட்டுவிட்டதாம். யார் கண்? ஐந்து வருஷத்துக்கு முன்பே அபசகுனமாய்ப் பேசியவள் ஒருத்தி இருக்கிறாளே – அவள் கண்!

சங்கரன் அன்றோடு நிறுத்தினான். நிறுத்துவது என்றால் லேசா? விடிந்ததும் கண் திறக்கும் முன்பே கை மடியைத் தடவுகிறதாம். சோறு இறங்கவில்லை, யார் பேசினாலும் எரிச்சல். மருந்தை நிறுத்தினால் யாராவது இப்படித் தவிப்பார்களா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பி வேலுவுக்கு இந்தச் சாரலோடு பதிமூன்று. வகுப்பில் முதல் மாணவன். எங்கள் ஊர் குத்துக்கல்வலசையிலிருந்து தென்காசிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியே போய்வருகிறவன். போன திங்கட்கிழமை மாமா வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வேலுவுக்கு முதல் குளியல், தானே வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார்.

"பீடியுமா மாமா?"

"பின்ன?"

சங்கரனுக்கு நடந்ததை ஞாபகப்படுத்தினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒருத்தனுக்குச் சேரல. அதுக்காக வழக்கத்த விட முடியுமாட்டி?"

அம்மாவைப் பார்த்தேன். அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று அவள் அடுப்பைப் பார்த்தாள். வேலுவைப் பார்த்தேன். அவன் முகத்தில் பெரிய மனுஷன் ஆகப்போகிற சந்தோஷம். இரண்டு விரல் இடுக்கில் ஒரு ஈர்க்குச்சியை வைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலையே சங்கரனுக்கு ஒரு கார்டு எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை அவன் வந்தான். மூவரும் குற்றாலம் போனோம். நல்ல சாரல். சங்கரன் வேலுவின் கையைப் பிடித்து ஆண்கள் பக்கம் கூட்டிப்போனான். நான் கரையில், ஒரு தூக்குவாளி சுக்குக் காப்பியோடு.

வேலு பல் கிட்டிக்க வெளியே வந்தான். வந்ததும் இரண்டு விரலை நீட்டினான்.

சங்கரன் அந்த விரல்களைப் பார்த்தான். பக்கத்துப் பாறையில் யாரோ பற்றவைத்த பீடியின் வாசனை எங்கள் மேல் வந்துகொண்டிருந்தது. அவன் அந்தப் பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பிறகு தூக்குவாளி மூடியில் காப்பியை ஊற்றினான்.

"இதக் குடிலே. நானும் இதத்தான் குடிக்கேன்."

"அப்பம் பீடி?"

"அது குடிச்சவன் எத்தன சுத்து ஓடுனான்னு உங்க அக்காட்ட கேளு."

வேலு மூடியை வாங்கினான். குடித்தான். காரம் தாங்காமல் முகத்தைச் சுளித்தான். சிரித்துக்கொண்டே இன்னொரு மூடி கேட்டான்.

இதை எழுதுவது சனிக்கிழமை. நாளை விடிந்ததும் மாமா பீடிக்கட்டோடு வந்து நிற்பார். வரட்டும். முதல் குளியல் என்பது ஒருவனுக்கு ஆயுசில் ஒரு தடவைதான். இரண்டாம் தடவை கிடையாது. அதுவும் எங்கள் வழக்கம்.

வழக்கத்தை விட முடியுமா, மாமா?