இரண்டே கால் அடி

மரம் வெட்டும் அனுமதிக்கான விண்ணப்பத்தில் நான்காவது கேள்விக்கு ஜெமீல் பொய் எழுதினார். 'மரம் நிற்கும் காணியின் உரிமையாளர்' என்றிருந்த இடத்தில் மனைவி ஹாஜறாவின் பெயரைப் போட்டு, மையைக் காயவிட்டு, படிவத்தை மடித்தார். முப்பத்தொரு வருடம் நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலி பிடித்தவர். எந்த மரம் எவர் காணியில் நிற்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகம் வர வழியில்லை.

மரம் ஈரப்பலா. பிரதேச செயலகத்தின் கடிதம் இல்லாமல் அதில் கோடரி வைக்க முடியாது. போன மாரியில் வேர்ப்பக்கத்து மணல் கரைந்ததிலிருந்து அது வீட்டின் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து வந்து மரக்கவட்டிலிருந்து நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டுக்கும் அடிமரத்துக்கும் இடையை அளப்பார். நோன்பில் பதினாலு அங்குலம். செப்டெம்பரில் பதினெட்டு. இப்போது இருபத்தொன்று. இன்னும் மூன்று வாரத்தில் மழை.

மரத்துக்கு நேர் கீழே இருந்த அறையில், ஒரு பக்கம் வாதத்தால் இழுத்துப்போன ஹாஜறா படுத்திருந்தாள்.

"உம்மாவ முன்னறைக்கு மாத்துங்க வாப்பா," என்று கொழும்பிலிருந்து மகள் ஸப்னா போனில் சொன்னாள். மரம் விழுந்தால் முன்னறையையும் எட்டும். அதையும் ஜெமீல் அளந்திருந்தார். மகளிடம் சொல்லவில்லை. வேறு வீட்டுக்குப் போவோம் என்றால் ஹாஜறா விடுவதாயில்லை.

"இது என்ட உம்மா எனக்குத் தந்த ஊடு. என்னத் தூக்கிற எண்டா மூச்சு அடங்கின பொறகு மையத்தாத் தூக்குங்க."

சாய்ந்தமருதில் வீடு பெண்ணுக்குரியது. ஆண் கலியாணம் முடித்து அங்கே வந்து குடியிருப்பவன். ஹாஜறாவின் உம்மா தன் வளவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஹாஜறாவுக்கும் மறுபாதியை அவள் தங்கை சுல்பிகாவுக்கும் கொடுத்தார். நடுவில் சுவர் கட்ட நூல் பிடித்தவர் மூத்த மருமகன் ஜெமீல். எல்லைக்கு அப்பால், சுல்பிகாவின் பக்கம், காய்க்கும் ஈரப்பலா நின்றது. ஹாஜறா அப்போது பிள்ளைத்தாச்சி, அந்தக் காயில்தான் அவளுக்கு ஆசை. மரம் தங்கள் பக்கம் வரும்படி ஜெமீல் நூலை அதைச் சுற்றி வளைத்துக் கட்டினார். பிறகு நேராக்கலாம் என்று நினைத்தார். நேராக்கவில்லை.

சுனாமியில் கடல் வந்து காணி உறுதிகளைக் கொண்டுபோன பின்பு வரைந்த பிளானில் எல்லை நேராகவே இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன், மகளுக்கு வீட்டை எழுதப்போன சுல்பிகா அதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். சம்பந்தக்காரர் முன்னிலையில் கேட்டாள். ஜெமீலுக்கு ரோசம் வந்தது. "பிளான் பிழை. செவர்தான் சரி," என்றார். சங்கிலி பிடித்தவரின் சொல். ஹாஜறா அதை நம்பித் தங்கையைக் கள்ளி என்றாள். அன்றோடு இரு வீட்டுக்கும் கதை பேச்சு நின்றது.

திங்கட்கிழமை கிராம சேவகர் மர்ஷூதா பிளான் பிரதியோடு வந்தாள்.

"ஜெமீல் காக்கா, எல்லை நேரா ஓடுது. செவர் ஏன் இதில வளையுது?"

"மேசன்ட பிழை, மிஸ்."

"இந்த டேப்ப ஒருக்காப் புடிங்க. உங்களுக்குத் தெரியாத வேலையா?"

பிடித்தார். மர்ஷூதா குனிந்து வாசித்தாள்.

"ரெண்டே கால் அடி. மரம் பக்கத்து வளவுக்குள்ள. அவங்கட ஒப்பம் இல்லாம நான் சிபாரிசு எழுதேலா."

"ஒரு தரம் கண்ண மூடினா என்ன மிஸ்? நோயாளி படுத்திரிக்கா."

"கண்ண மூடினா என்ட வேல போயிரும், காக்கா. வியாழக்கிழம பைல் போகுது. அத உட்டா அடுத்த மாசம்தான்." அவள் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் மாரி.

செவ்வாய்க்கிழமை காலை ஜெமீல் தெருவைச் சுற்றிச் சுல்பிகாவின் வாசலுக்குப் போனார். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆர் இது, சர்வே ஐயாவா! மிச்சமிரிக்கிற வளவையும் அளக்க வந்தீங்களா?"

"ஒரு ஒப்பம் வேணும் சுல்பிகா. மரம் வெட்ட."

"உங்கட வளவு மரத்துக்கு என்ட ஒப்பம் என்னத்துக்கு மச்சான்?"

"மரம் உங்கட காணிக்குள்ள நிக்கிது."

கத்தி நின்றது.

"இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னார்.

"எப்ப தெரியும்?"

"மொதல்ல இருந்தே. நூல் கட்டினவன் நான்தானே."

சுல்பிகா கையிலிருந்த செதிளைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

"எனக்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? என்னக் கள்ளி எண்டது என்ட கூடப்பொறந்தவ. அவக்கிட்டச் சொல்லுங்க. ராத்தா கூப்பிட்டா வந்து ஒப்பம் வெக்கிறன். இல்லாட்டி மரம் விழட்டும்."

"விழுந்தா ராத்தாட தலையிலதான் விழும்."

"தெரியும்." அவள் குரல் உடைந்தது. "அப்ப ஏன் இன்னும் இஞ்ச நிக்கிறீங்க? கெதியாப் போய்ச் சொல்லுங்க."

அன்று அவரால் முடியவில்லை. ஹாஜறாவுக்குக் கஞ்சி பருக்கினார், முதுகைத் துடைத்தார், வெளியே வந்தார். புதன் பின்னேரம் காற்றுத் திரும்பியது. அசர் தொழுதுவிட்டு வந்தபோது ஓட்டில் ஒரு காய் தொப்பென்று விழுந்தது. ஹாஜறா கண்ணை இறுக மூடினாள். அவர் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப அவள் பொய் சொல்லல்ல." வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

"இல்ல."

"அவட மகள்ட கலியாணத்துக்கும் நான் போகல்ல."

"ஓம்."

"உங்கட சொல்ல நம்பி."

ஹாஜறா முகத்தை மெல்ல அப்பால் திருப்பினாள்.

"அவளக் கூப்பிடுங்க. நீங்க வெளிய நில்லுங்க."

ஜெமீல் போய்ச் சுல்பிகாவை அழைத்து வந்து, படிவத்தைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு மரத்தடியில் நின்றார். உள்ளே சுல்பிகாவின் குரல். "என்னகா இப்பிடி மெலிஞ்சு போனாய்?" அதன் பிறகு அழுகை. யாருடையது என்று அவருக்குப் பிரித்தறிய முடியவில்லை. கடைசியில் ஜன்னல் கம்பிக்கிடையால் படிவம் வெளியே நீண்டது. நான்காவது கேள்வியில் ஹாஜறாவின் பெயரை வெட்டிச் சுல்பிகா தன் பெயரை எழுதி ஒப்பமிட்டிருந்தாள்.

வியாழன் பைல் போனது. அடுத்த வாரம் செவ்வாய் கடிதம் வந்தது. புதன்கிழமை மேலிருந்து துண்டு துண்டாக, கயிறு கட்டி, மரத்தை இறக்கினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு ஹாஜறா அவரிடம் தண்ணீர் கேட்டாள், மருந்து கேட்டாள். வேறொன்றும் கதைக்கவில்லை. சுல்பிகா தினமும் தெருவைச் சுற்றி வந்து போனாள். மழை விட்ட நாட்களில் ஜெமீல் சுவரின் வளைவை இடித்து, நூல் கட்டி, நேராகக் கட்டினார். மேசனை வைக்கவில்லை. வெட்டி மிஞ்சிய அடிமரம் சுல்பிகாவின் பக்கம் போனது.

ஜனவரியில் ஒரு பின்னேரம் ஹாஜறா அவரைப் பார்த்தாள்.

"செவர் நேரா?"

"நேர்."

"ஆர் அளந்த?"

"சுல்பிகா ஒரு பக்கம் புடிச்சா. நான் மத்தப் பக்கம்."

"எவ்வளவு?"

"ரெண்டே கால் அடி."

"முந்தியே சொல்லியிருக்கலாம்," என்றாள். கோபம் இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. பிடித்தார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள், அவள் சொன்னபடியே, அந்த வீட்டிலிருந்து அவளை மையத்தாகத் தூக்கினார்கள். கூரையில் ஓர் ஓடுகூட உடைந்திருக்கவில்லை.