பல்லில் கவ்விய பறி

எண்பதுகளின் தொடக்கத்தில், சமூகப்பணி முதுகலைக் களப்பயிற்சிக்காகப் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றுக்குப் போனேன். கையால் இறால் பிடிக்கும் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு வேண்டுமா என்று விசாரிப்பது என் வேலை. என் அறிக்கையை வைத்துத்தான் வகுப்பு அங்கா, வேறு ஊரிலா என்று முடிவாகும்.

மூன்று நாள் கரையில் நின்று கேள்வி கேட்டேன். கழுத்தளவு நீரில் சேற்றைத் துழாவிய பெண்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள். ‘கூச்ச சுபாவம், ஆர்வமில்லை’ என்று எழுதி, கரையேறியவர்களிடம் வாசித்தும் காட்டினேன். அவ்வளவு தன்னம்பிக்கை எனக்கு.

அவர்களில் முனியம்மா என்பவர், பிடித்த இறாலைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக் காட்டிவிட்டு எடுத்தார்.

“ரெண்டு கையும் சேத்துல, பறி வாயில. பேசுனா புடிச்ச இறாலெல்லாம் தண்ணில பூடும். நீ கேட்டா எப்டிம்மா பதில் சொல்றது?”

மூன்று நாளும் அந்தப் பறியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு உறைக்கவில்லை.

“அப்போ வகுப்பு வேணுமா?” என்றேன்.

“வேணும்னுதான் மூணு நாளா தலைய ஆட்டிக்கினு கீறோம்.”

அங்கேயே அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அதன்பின் எத்தனையோ ஊர்களில் அறிக்கை எழுதிவிட்டேன். ‘பேசத் தயங்குகிறார்கள்’ என்று எழுதப் போகும்போதெல்லாம், நான் எந்த நேரத்தில் போய்க் கேட்டேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பெரும்பாலும் அதன்பின் அந்த வரிக்குத் தேவையே இருப்பதில்லை.