இரட்டைப் பூட்டு வீட்டு வாசலில் குட்டன்

பஞ்சாபகேசனைப் பற்றி வலியசாலைத் தெருவில் யாரிடம் விசாரித்தாலும் "பாவம் மனுஷன்" என்றுதான் சொல்வார்கள். அவருடைய முழு ஜாதகமும் அதற்குள் அடங்கிவிடும். பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால், மிதித்தவரிடம் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். சர்க்கார் ஆபீஸில் இருந்த காலத்தில் இரண்டு யூனியனுக்கும் சந்தா கட்டினார். ஒரு யூனியன் ஸ்டிரைக் செய்தால் வாசலில் கொஞ்ச நேரம் அவர்களோடு நின்று கோஷம் போடுவார். பிறகு பின்பக்கமாக உள்ளே போய் மற்ற யூனியன்காரர்களோடு உட்கார்ந்து ஃபைல் பார்ப்பார். ரிட்டயர் ஆன அன்று இரண்டு யூனியனும் தனித்தனியே மாலை போட்டன. எதை முதலில் கழற்றினாலும் பொல்லாப்பு வரும் என்று இரண்டையும் கழுத்தில் சுமந்துகொண்டு, ரோஜா இதழ் மூக்கில் ஏற, தும்மிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

இப்படி ஒருவர் வாயிலும் விழாமல் காலத்தை ஓட்டிய மனிதருக்கு, தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஒரு நாய் வந்து வாய்த்தது.

மகன் சாய் எங்கிருந்தோ வாங்கி வந்த பொமரேனியன் அது. வெள்ளை வெளேரென்று, பஞ்சு மிட்டாய்க்கு நாலு கால் முளைத்த மாதிரி இருக்கும். சாய்க்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததும், ஒரு மாசம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனான். அந்த மாசம் அவன் காலண்டரில் முடியவே இல்லை. அவன் வைத்த இங்கிலீஷ் பெயர் அம்மா வாயில் நுழையாததால் நாய் குட்டன் ஆனது. தயிர்சாதம் சாப்பிட்டது. பப்படம் பொரிக்கிற வாசனைக்கு எழுந்து நின்று ஆடியது. காலையில் பஞ்சாபகேசன் பேப்பரை உரக்கப் படித்தால், தலையைச் சாய்த்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை கேட்டது. அவர் பேசுவதை முழுசாகக் கேட்ட முதல் ஜீவன் அதுதான். மனிதர் சொக்கிப்போனார்.

அவர் மனைவி ஜெயலக்ஷ்மி அப்படிச் சொக்குகிற ஆள் இல்லை. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"கேட்டேளா, நாய் இருக்கட்டும். ஆனா எவாளாவது நம்ம வாசல்ல வந்து நின்னு இதைப் பத்திப் பராதி சொன்னா, அன்னிக்கே பொன்முடிக்கு அனுப்பிடுவேன். அவ்வளவுதான்."

பொன்முடி மலையில் அவள் தம்பி தேயிலை எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்தான். அங்கே காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். முன்பு இருந்த நாய் என்ன ஆயிற்று என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான். கிழக்கேகோட்டை வரை ஆட்டோவில் போனாலே வாந்தி எடுக்கிற குட்டன், அத்தனை கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே போனால் அங்கே காவல் காக்க நாயின் தோல் மட்டும்தான் மிஞ்சும் என்று பஞ்சாபகேசனுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே அவருக்கு இருந்த காரியம் ஒன்றே ஒன்று. பராதி என்று ஒரு புகாரும் வாசலுக்கு வரக் கூடாது.

அந்தத் தெருவில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. வீடுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும் தெரு. ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். செடி, கொடி, காலி மனை என்று ஒரு நாய் நம்பிக்கையோடு காலைத் தூக்க ஓர் இடம் கிடையாது. நகரசபைக் கணக்கில் தெரு பொதுச் சொத்து. தெருக்காரர்கள் கணக்கு வேறு. எந்த வீட்டுப் பெண் விடியற்காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறாளோ, அந்தத் தண்ணீர் ஓடுகிற மட்டும் அந்த வீட்டுக்குச் சொந்தம். அதில் செருப்புக் கால் பட்டாலே ஜன்னலுக்குள்ளிருந்து தொண்டைக் கனைப்பு கேட்கும். குட்டனுக்கோ காய்ந்த தரை ஆகாது. ஈரமாக இருக்க வேண்டும். அதன்மேல் கோலமும் இருந்துவிட்டால் அவனுக்குப் பரம சந்தோஷம். நட்ட நடுவில் போய், இரண்டு சுற்றுச் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

பஞ்சாபகேசன் தெருவைக் கண்ணாலேயே அளந்தார். கோடியில் ஒரு வீடு அவருக்காகவே பூட்டிக் கிடந்தது.

அது சிவதாணுவும் தளவாயும் கேஸ் நடத்துகிற வீடு. அண்ணன் தம்பி. அண்ணன் சிவதாணுவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை; தம்பி தளவாய்க்குக் கிழக்கேகோட்டையில் குடைக் கடை. அப்பா கண்ணை மூடியதும் வீடு எனக்கு, உனக்கு என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கதவில் அண்ணன் ஒரு பூட்டுப் போட்டார். மறுநாள் தம்பி அதைவிடப் பெரிய பூட்டாக ஒன்று போட்டார். அன்றிலிருந்து அந்த வாசலில் ஒருத்தரும் தண்ணீர் தெளிப்பதில்லை. தண்ணீர் இல்லை, ஆகவே உடைமைக்காரர் இல்லை. உடைமைக்காரர் இல்லை, ஆகவே பராதியும் இல்லை. ஆபீஸில் எத்தனையோ சிக்கலான ஃபைலை அடுத்த மேஜைக்குத் தள்ளி ஜெயித்தவர், இதையும் ஜெயித்துவிட்டதாக நினைத்தார்.

ஆனால் அவர் மரியாதை தெரிந்தவர். இன்னொருவர் வாசலை அசுத்தமாக விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை. துணிப்பையில் ஒரு கமுகம்பாளைத் துண்டும் ஒரு குப்பித் தண்ணீரும் எடுத்துப் போனார். குட்டனுக்குத் தரை ஈரமாக வேண்டுமே என்று முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார். அவன் காரியம் முடிந்ததும் பாளையால் வாரிப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சத் தண்ணீரையும் ஊற்றிக் கழுவுவார். அப்புறமும் தரையில் ஒரு திட்டு தெரிந்தது. அதை மறைப்பதற்காக ஜெயலக்ஷ்மியின் டப்பாவிலிருந்து கொஞ்சம் கோலப்பொடி எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போய், திட்டின்மேல் நாலு கோடு இழுத்துவிட்டு வந்தார். எப்படிப் போட்டாலும் அது ஆபீஸ் ரிஜிஸ்தரில் கட்டம் போட்ட மாதிரிதான் வந்தது. அதுவும் குடித்துவிட்டுப் போட்ட கட்டம்.

சர்க்கார் ஊழியம் முழுவதும் எதிலும் கையெழுத்துப் போடாமல் தப்பித்தவர், கடைசியில் போய் இங்கே தினமும் ஒரு கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

பூட்டிய வீட்டு வாசலில் கோலம் என்றால் தெரு சும்மா இருக்குமா? சேதி சாலைக் கடைத்தெருவுக்கும் போயிற்று, கிழக்கேகோட்டைக்கும் போயிற்று. தம்பி பெண்டாட்டி விடியுமுன் வந்து கோலம் போட்டுக் கைவசப்படுத்தப் பார்க்கிறாள் என்று அண்ணன் நினைத்தார். அண்ணன் பெண்டாட்டி என்று தம்பி நினைத்தார். இரண்டு பேரும் வக்கீலிடம் ஓடினார்கள். வக்கீல்கள் படித்தவர்கள் அல்லவா? எதிராளி முந்திக்கொள்வதற்குள் கோலம் நம்முடையது என்று சொல்லிவிட வேண்டும் என்று ஆளுக்கொரு பக்கம் யோசனை சொன்னார்கள். ஆக, கோர்ட்டில் அண்ணன் தன் மனைவிதான் தினமும் கோலம் போடுகிறாள் என்று சத்தியம் செய்தார். தம்பியும் அதே சத்தியத்தைச் செய்தார். நேரில் போய்ப் பார்த்து வரும்படி கோர்ட்டு ஒரு கமிஷனரை நியமித்தது. சபீனா என்று ஒரு இளம் வக்கீல்.

கமிஷனர் வருகிற விஷயம் பஞ்சாபகேசனுக்கு முந்தின நாளே தெரிந்துவிட்டது. காலையில் குட்டனை வெளியே விடுவதில்லை என்று முடிவு செய்தார். குட்டன் அந்த முடிவை ஏற்கவில்லை. முற்றத்தைச் சுற்றினான், முனகினான், கடைசியில் பூஜை அறைப் பக்கம் பார்த்து இரண்டு சுற்றுச் சுற்றினான். ஜெயலக்ஷ்மி சங்கிலியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

கோடி வீட்டில் ஏற்கெனவே சிறு கூட்டம். சபீனா கெட்டிக்காரி. முதல் நாள் கோலம் லேசாக அழிந்தும் அழியாமலும் கிடந்தது. அதைக் காட்டி, இதே கோலத்தைப் பக்கத்தில் தண்ணீர் தெளித்துப் போட்டுக் காட்டுங்கள் என்று அந்த வீட்டு இரண்டு மருமகள்களிடமும் சொல்லியிருந்தாள். பெரிய மருமகள் கை வைத்ததும் ஒன்பது புள்ளிச் சிக்குக் கோலம் வந்து உட்கார்ந்தது. பழகிய கை, கோணலாக வர மாட்டேன் என்றது. சின்ன மருமகள் கெட்டிக்காரத்தனமாக இடது கையால் போட்டாள். அப்படியும் தாமரை தாமரையாகவே பூத்தது.

"எம்மா, கொஞ்சம் மோசமாப் போடு" என்று தளவாய் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"இதுக்குமேல மோசமா எங்க வீட்ல சொல்லித் தரல்ல" என்றாள் அவள்.

சிவதாணு தம்பியின் சட்டையைப் பிடித்தார். தம்பி அண்ணனின் வேட்டி முனையைப் பிடித்தார். வேட்டி எந்த நேரமும் கைமாறலாம் என்கிற நிலைமை. அந்த நேரம் பார்த்துத்தான் குட்டன் சங்கிலியோடு பஞ்சாபகேசனையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

ஒரு நாளும் இல்லாத திருநாளாக இரண்டு புதுக் கோலம், இரண்டும் ஈரத்தில். அவன் ஒரு கணம் திகைத்தான். பிறகு நடுவில் பார்த்து, தாமரையில் பாதியும் சிக்குக் கோலத்தில் பாதியுமாக இடம் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டான்.

பஞ்சாபகேசன் ஓடிவிடலாம்தான். ஆனால் கை பழக்கத்தில் பைக்குள் போய்விட்டது. பாளை வந்தது, வாரியது. குப்பி வந்தது, கழுவியது. காகித மடிப்பும் வந்தது. அத்தனை பேர் பார்க்க, குந்தி உட்கார்ந்து, குடித்துவிட்டுப் போட்ட கட்டத்தை ஒரு கோடு விடாமல் போட்டு முடித்தார்.

சபீனா பழைய கோலத்தைப் பார்த்தாள்; புதுக் கோலத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க ஃபைலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

"அப்போ இத்தனை நாளும் சாமிதானா?"

"நானாக்கும். என்னை மன்னிச்சுடுங்கோ" என்று ஆரம்பித்தார்.

அவள் அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தாள். "யார்கிட்டயும் மாப்பு கேக்காதீங்க சாமி. ஒருத்தர்கிட்ட கேட்டா அவருதான் வீட்டுக்காரர்ன்னு நீங்க சம்மதிச்ச மாதிரி ஆகும். அப்புறம் உங்களைச் சாட்சிக் கூண்டுல ஏத்துவாங்க."

பஞ்சாபகேசன் வாயை மூடிக்கொண்டார். தும்மலை விழுங்கின மாதிரி இருந்தது.

கமிஷனர் போனதும் அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கோர்ட்டில் சத்தியம் செய்த கோலம் ஒரு நாயின் கோலம். கேஸ் ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே திசையில் நடந்தார்கள். அவர்கள் போனது பஞ்சாபகேசன் வீட்டுக்கு. பின்னால் குட்டனை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் ஓடினார். பொன்முடி பஸ் கண்ணெதிரே வந்து நின்று ஹாரன் அடிக்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

ஜெயலக்ஷ்மி வாசலுக்கு வந்தாள். நெற்றியில் விபூதி, கையில் கரண்டி.

"அம்மா, ஒரு பராதி உண்டு" என்றார் சிவதாணு. "உங்க நாய் எங்க வீட்டு வாசல்ல..."

"யாரு வீட்டு வாசல்ல?" என்றார் தளவாய்.

"நம்ம வீட்டு வாசல்லதாம்லே."

"நம்ம வீடுன்னு கோர்ட்ல சொல்ல வேண்டியதுதானே? என் வீட்டு வாசல்ல நடந்ததுக்குப் பராதி சொல்ல நீரு யாருவே? அம்மா, நான் சொல்லுதேன். என் வீட்டு வாசல்ல..."

"லே, வாயை மூடு. நீ பராதி சொன்னா வீடு உனக்குன்னு ஆயிரும்லா?"

ஜெயலக்ஷ்மி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோவிலில் சுண்டல் கொடுத்தால்கூட வரிசை பார்க்கிறவள் அவள்.

"வீட்டுக்காரர் யாரோ அவர் சொல்லட்டும். கேட்டுக்கறேன். சும்மா வழியில போறவா சொல்றதையெல்லாம் நான் பராதியா எடுத்துக்க மாட்டேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். ஒரே நேரத்தில் மூடினார்கள். அடுப்பில் குழம்பு பொங்கிவிடும் என்று சொல்லி அவள் உள்ளே போய்விட்டாள். சகோதரர்களில் ஒருவர் தெருவின் இந்த முனைக்கும் மற்றவர் அந்த முனைக்குமாகப் பிரிந்து போனார்கள்.

பஞ்சாபகேசன் குட்டனை இறக்கிவிடவே இல்லை. காபி குடிக்கும்போதும் மடியிலேயே வைத்திருந்தார். ஜெயலக்ஷ்மி கோலப்பொடி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, அடி தெரிகிறதே, யார் தின்றது என்று மட்டும் கேட்டாள்.

கேஸ் இன்னும் முடிந்தபாடில்லை. அது முடிகிறவரை குட்டன்மேல் பராதி சொல்ல உலகத்தில் யாருக்கும் யோக்கியதை கிடையாது. அண்ணன் தம்பிக்கும் இப்போது அதில் வருத்தம் இல்லை. எதிராளி கைவசம் போவதைவிட நாய் கைவசம் இருப்பது மேல் என்று வக்கீல்களே சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. காலையில் பஞ்சாபகேசன் போகும்போது சிவதாணு எதிரே வந்து குட்டனுக்கு ஒரு ரஸ்க் நீட்டுவார். திரும்பும்போது தளவாய் ஒன்று நீட்டுவார். அண்ணன் கொடுக்கிறதை அது தின்றுவிடக் கூடாது என்று காதோடு காதாகச் சொல்லியும் வைப்பார். பஞ்சாபகேசன் இரண்டையும் வாங்கிப் பையில், பாளை படாத பக்கம் போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும், எது யார் கொடுத்தது என்று தனக்கே தெரியாதபடி இரண்டையும் நொறுக்கிப் பாலில் ஊறவைத்துவிடுவார்.