பல்லழகி தண்ணீர் குடிக்காத வருஷம்

பல்லழகிக்குச் சொந்தப் பல் கோணல். மேல்வரிசையில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஊரில் உள்ள பொக்கை வாய்க்கெல்லாம் வரிசை பிசகாமல் பல் செட் செய்து கொடுக்கிறவள், தன் பல்லைச் சரி செய்ய மட்டும் நேரம் ஒதுக்கியதில்லை. அதைக் கிண்டல் செய்துதான் தங்கச்சி இந்தப் பேரை வைத்தாள். பேர் ஒட்டிக்கொண்டது. பல் லேப் முதலாளிக்கும் அது வசதியாய்ப் போயிற்று. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து "தம்பி, தம்பி" என்றே கூப்பிட்டுப் பழகியவர் அவர். ஒருநாள் அவள் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து நின்று, "இனிமே நான் இப்படித்தான் சார்" என்றபோது, "அம்மா" என்று சொல்ல நாக்கு புரளாமலும் "தம்பி" என்று சொல்ல மனசு வராமலும் திண்டாடிப் போனார். "பல்லழகி" என்ற பேரைக் கேள்விப்பட்டதும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நல்ல மனுஷர்தான். வேலையை விட்டு அனுப்பவில்லை, சம்பளத்தில் கை வைக்கவில்லை, வந்து போகிற பல் டாக்டர்களிடம் "எங்க லேப்ல இவங்க கைதான் கை" என்று பெருமையாகவும் சொல்வார். அந்தக் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும், "பாவம், அவங்க பாட்டுக்கு அவங்க வேலையப் பாக்கறாங்க" என்றுதான் சொல்வார்கள். எரிச்சலே அதுதான். கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போகலாம். இத்தனை நல்லவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் யாரைத் திட்டுவாள்?

பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். மூத்திரம். நாசூக்காகச் சொல்ல வார்த்தை இல்லாமல் இல்லை. ஆனால் நாசூக்குப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு ஒரு வருஷம் வீணாகிவிட்டது. இனிமேலும் என்ன நாசூக்கு?

லேப் இருப்பது ஒரு பழைய வணிகக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். அந்த மாடியில் லேப், ஒரு ஆடிட்டர் ஆபீஸ், பூட்டியே கிடக்கிற ஒரு டிராவல்ஸ். நடைக்கோடியில் எதிரும் புதிருமாக இரண்டு கழிப்பறைகள். சுடிதாரில் வந்த முதல் வாரம், எதற்கு வம்பு என்று, பழைய பழக்கத்தில் ஆண்கள் பக்கமே போனாள். உள்ளே நின்றுகொண்டிருந்த ஒருவர், வந்த காரியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, "சாரி மேடம், சாரி மேடம்" என்று வெளியே ஓடினார். வாட்ச்மேன் வந்து, "அம்மா, அது ஜென்ட்ஸ்மா. போர்டு பாக்கலியா?" என்று மரியாதையாகச் சொன்னார். சரி, உலகமே சொல்லிவிட்டது என்று மறுநாள் எதிர்க் கதவைத் திறந்தாள். ஆடிட்டர் ஆபீஸ் மேடம் கை கழுவிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் இவளைப் பார்த்தார். குழாயைக்கூட மூடாமல், ஈரக் கையோடு கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆக, அந்தப் பக்கம் அவள் பொம்பளை, இந்தப் பக்கம் ஆம்பளை. என்ன கண்றாவிக் கணக்கோ! இதே ஆட்கள் படிக்கட்டில் எதிரே வந்தால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வருவதில்லை.

அன்று சாயங்காலமே முதலாளி தொண்டையைச் செருமினார்.

"பல்லழகி, எனக்கு ஒண்ணும் இல்ல, உனக்கே தெரியும். ஆனா மத்தவங்க ஒரு மாதிரி நினைக்கிறாங்க. எல்லாருக்கும் கொஞ்சம் பழகட்டும். அதுவரைக்கும் எப்படியாவது சமாளிச்சுக்கோ."

"சரி சார்" என்றாள். வேறு என்ன சொல்வது? வேலை வேண்டும். இவளை வைத்துக்கொள்ள இன்னொரு லேப் எங்கே இருக்கிறது?

சமாளிக்க அவள் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் டீ கிடையாது. வேலையோ பிளாஸ்டர் தூளிலும் அக்ரிலிக் தூளிலும். மத்தியானத்துக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த லட்சணத்தில், உடம்பு மாறுவதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று நீரைப் பிரிக்கிற ஜாதி. "அடிக்கடி யூரின் போகும், தண்ணி நிறையக் குடிங்க" என்று சிரித்த முகமாகச் சொன்னார் டாக்டர். பெண்ணாவதற்கு மாத்திரை விழுங்கு, விழுங்கினால் மூத்திரம் போகும், போவதற்கு மட்டும் இடம் கேட்காதே. யாரிடம் போய் அழுவது?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டரை முடுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டு ஓடி வருவாள். சாப்பாடு பாதி நாள் டப்பாவிலேயே கிடக்கும். விடுமுறை நாளில் வெளியே போனாலும் இதே பாடுதான். சினிமாவுக்குப் போனால் இடைவேளையோடு கிளம்பிவிடுவாள். கடைத்தெருவுக்குப் போனால், போர்டே இல்லாத ஒற்றைக் கழிப்பறை ஒன்று இருக்கிற ஆஸ்பத்திரியைச் சுற்றியே அவள் கடைத்தெரு முடிந்துவிடும். அங்கேயும் நேராகப் போய்விட முடியாது. எக்ஸ்ரே எடுக்க வந்தவள்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும்.

தங்கச்சிக்கு இதெல்லாம் பார்த்துப் பற்றிக்கொண்டு வரும். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஹாரனைவிட அவள் வாய்க்குச் சத்தம் அதிகம். ஒருநாள் பல்லழகி குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, எரிச்சல் தாங்காமல் கண் கலங்கி நின்றதைப் பார்த்துவிட்டாள்.

"இன்ஃபெக்‌ஷன் வந்து இது எத்தனாவது தடவைக்கா? கிட்னி போயிடுச்சுன்னா அதையும் நீயே மெழுகுல செஞ்சு மாட்டிக்குவியா?"

"கத்தாதடி. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது."

"கேக்கட்டும்! உங்க முதலாளிக்கு வாய் இல்லியா, உனக்கு வாய் இல்லியா? நீ போய்க் கேளு. இல்ல, நான் வேனோட வந்து கேக்கறேன்."

"நீ வந்து கேட்டா வேலையே போயிடும். அப்புறம் ரெண்டு பேரும் உன் வேன்ல உக்காந்துதான் சாப்பிடணும்."

"சாப்பிடலாம். அப்பவாவது நீ தண்ணி குடிப்பே."

பல்லழகி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்த வாரத்தில்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் பல் செட் வந்தது. ரிட்டயர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ். மறுநாள் பழைய மாணவிகள் எல்லாரும் கூடுகிறார்கள், மேடையில் பேச வேண்டும், பல் இல்லாமல் பேசினால் பாதிச் சொல் காற்றாகப் போகிறது என்று டாக்டர் கிளினிக்கில் தலைகீழாக நிற்கிறாராம். மெழுகில் பல்லை அடுக்கிப் பார்த்து, அவர் வாயில் வைத்துப் பார்த்து, எல்லாம் சரியாகி, கடைசி வேலை மட்டும் பாக்கி. பிளாஸ்டரில் பதித்து, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக் மாவை வைத்து அமுக்கி, பித்தளைப் பெட்டியை இறுக்கி மூடித் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். அதற்கென்று பெரிய லேப்களில் மெஷின் உண்டு. இங்கே கேஸ் அடுப்பும் அலுமினியப் பாத்திரமும்தான். தண்ணீர் மெதுவாகச் சூடேற வேண்டும். அவசரப்பட்டுக் கொதித்துவிட்டால் உள்ளே குமிழி விழுந்துவிடும். பாத்திரத்தின் பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே அவள்தான்.

பெட்டியைப் பாத்திரத்தில் இறக்கியபோதே அடிவயிற்றில் சுருக்கென்றது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள், காலை மாற்றிப் போட்டுப் பார்த்தாள். முதலாளி கிளினிக்குக்கு அச்சு வாங்கப் போயிருந்தார். இன்னொரு டெக்னீஷியன் லீவு. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. நடைக்கோடிக் கழிப்பறைக்கு இருபது எட்டுகூட இருக்காது. அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் படிக்கட்டில் இறங்கினாள். இறங்கும் முன் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத்தான் இறங்கினாள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டாள். அந்த அடுப்பின் திருகை முழுசாகத் திருப்பினால்தான் சிம். வலியில் இருந்த கை பாதிதான் திருப்பியிருக்கிறது. பாதியில் நின்றால் எரிவது முழுத் தீ.

வீட்டுக்குப் போகும்போது ஒழுங்காக இருந்த ரோடு, திரும்பி வரும்போது இல்லை. குழாய் பதிக்க எவனோ குறுக்கே வெட்டிப் போட்டிருந்தான். வண்டிகள் ஹாரனை அழுத்திக்கொண்டு நின்றன. சந்து சந்தாகச் சுற்றி, படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறியபோதே நாற்றம் வந்துவிட்டது.

முதலாளி அவளுக்கு முன்னால் வந்திருந்தார். தண்ணீர் வற்றிய பாத்திரம் கீழே கிடந்தது. இடுக்கியால் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டரை உடைத்து, பல் செட்டை வெளியே எடுத்து வைத்திருந்தார். ஈறு பூராவும் குமிழி. ரொட்டித் துண்டுபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. அச்சும் உடைந்துவிட்டது. இனி அந்த அம்மாவின் வாயில் மறுபடி அளவெடுத்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மறுநாள் மேடைக்கு வாய்ப்பே இல்லை.

"என்ன இது?" என்றார்.

அவள் குனிந்து அந்தக் குமிழிகளைப் பார்த்தாள்.

"அடுப்புல பல்ல வச்சுட்டு எங்க போனே? நீயா இப்படி? சின்னப் பசங்க செஞ்சா கன்னத்துல போடலாம். உன்ன என்ன பண்றது? டாக்டருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"வீட்டுக்குப் போனேன் சார்."

"வேலை நேரத்துல வீட்டுக்கு எதுக்கு?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்றால் நம்பியிருப்பார். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் குமிழி விழுந்த ஈறைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. அவள் கையிலிருந்து இப்படி ஒரு வேலை வெளியே போனதே இல்லை.

"ஒண்ணுக்குப் போக!" என்று கத்தினாள். "ஒண்ணுக்குப் போக வீட்டுக்குப் போனேன் சார்! தினம் போறேன். மத்தியானம் சோத்த வச்சுட்டு எங்க ஓடறேன்னு நினைச்சீங்க? காலையிலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கறதில்ல. எரிச்சல்ல உயிர் போகுது. ஒரு வருஷமா இதுதான் என் பொழப்பு!"

முதலாளி இடுக்கியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் நிஜமாகவே குழப்பம்.

"அதான் அங்க இருக்கே பாத்ரூம்? அங்க போறதுக்கென்ன? யார் வேண்டாம்னா?"

"நீங்கதான் சார்!"

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

"எல்லாருக்கும் பழகற வரைக்கும் சமாளிச்சுக்கோன்னு சொன்னீங்களே!"

அவர் விட்டத்தைப் பார்த்தார், யோசித்தார். "ஓ, அதுவா? அது அப்ப ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னது. ரெண்டு நாள் பொறுன்னு சொல்லியிருப்பேன். நீ அதுக்கப்புறம் போய்க்கிட்டு இருக்கேன்னுல்ல நினைச்சேன்!"

மறந்தே போய்விட்டார். அவள் நாக்கு வறள வறள உட்கார்ந்து பல் அடுக்கிய இத்தனை நாளும், அவருக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. திட்டம் போட்டுக் கொடுமை செய்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "நல்லா இருக்கு சார், ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் பல்லழகி. குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு, அவர் முன்னாலேயே அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தாள். இன்னொரு சொம்பும் குடித்தாள். அப்புறம் புதிய டிரேயை எடுத்துத் துடைத்து, "அந்த அம்மாவ வரச் சொல்லுங்க, திரும்ப அளவெடுக்கணும்" என்றாள். அவர் போனை எடுத்தார்.

மாத்திரையும் இரண்டு சொம்புத் தண்ணீரும் வெகுநேரம் சும்மா இருக்கவில்லை. எழுந்து நடைக்கோடிக்குப் போனாள். பெண்கள் பக்கக் கதவைத் தள்ளினாள். யாரும் இல்லை. உள்ளறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். அது சரியாக விழவில்லை. கதவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வரவில்லை. இத்தனை நாள் அடக்கி அடக்கி, இந்தக் கட்டடத்துக்குள் வந்தாலே பூட்டிக்கொள்ள உடம்பு பழகிவிட்டது. அடக் கர்மமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கதவைத் தட்டினார்கள்.

"யாரு உள்ள?"

மாத்திரை எதை எதையோ மாற்றியிருந்தது. குரலை மாற்றவில்லை. பஸ்ஸிலும் கடையிலும் குரலைச் சன்னமாக்கி, அளந்து அளந்துதான் பேசுவாள். மறுபடியும் தட்டினார்கள், இந்தத் தடவை பலமாக. கதவு அதிர்ந்தது. பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"ஆள் இருக்கு!" என்றாள், தன் சொந்தக் குரலிலேயே, கட்டையாக, சத்தமாக.

அவ்வளவுதான், செருப்புச் சத்தம் கேட்கப் போகிறது, வாட்ச்மேன் வரப் போகிறார் என்று நினைத்தாள்.

"சீக்கிரம் வாங்க, எனக்கு முட்டிக்கிட்டு நிக்குது" என்றது வெளியே இருந்த குரல்.

அதைக் கேட்டதும் உள்ளே பூட்டியிருந்ததெல்லாம் திறந்துகொண்டது. எரிந்தது. ஆனாலும் அப்பாடா என்றிருந்தது.

கதவைத் திறந்தால் ஆடிட்டர் ஆபீஸ் மேடம். இவளைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. கைப்பையைப் பிடித்த கை இறுகியது. என்னவோ சொல்ல வாயும் திறந்தது. ஆனால் அவசரம் அவரைச் சொல்ல விடவில்லை. இவளை இடித்துத் தள்ளாத குறையாக உள்ளே ஓடினார். தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"இந்தாங்க... இது விழவே மாட்டேங்குது. யாரும் வராம கொஞ்சம் வெளிய நின்னு பாத்துக்குங்களேன்."

பல்லழகிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதற்காகவா, இந்த ஒரு ஓட்டைத் தாழ்ப்பாளுக்காகவா ஒரு வருஷம் செத்துப் பிழைத்தோம் என்று அழுகையும் வந்தது. எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று போய்விடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

"சரி, நிக்கறேன். நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.