துரை காரின் பறவைத் தட்டு

எழுபதுகளில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்தேன். என் வீட்டுக்காரர், தோட்ட மேனேஜரான துரைக்குக் கார் டிரைவர். துரையின் மனைவி துரைசாணியைக் கியா பார்முக்கு ஸ்ட்ராபெரி வாங்கக் கூட்டிப்போவார். லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அது பெரிய பவிசு.

ஒருநாள் அந்தக் காரின் நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு பித்தளைத் தட்டு ஏறியது. அதில் தலையில் கொம்பு வைத்த, பெரிய அலகுப் பறவையின் படம், பெயிண்டில் வரைந்தது. துரைமார் கிளப்பில் விற்றார்களாம். அந்தக் காசு காட்டையும் பறவைகளையும் காப்பாற்றப் போகுமாம்.

ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைக்க வேண்டும். பித்தளை கறுத்திருக்கிறதே என்று புளியும் சாம்பலும் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி அவர் அழுத்தித் தேய்த்தார். தட்டு பளபளத்தது. பறவையின் அலகும் கண்ணும் தேங்காய் நாரோடு வந்துவிட்டன.

மறுநாள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்தார். “சாவியக் குடுத்துரு. துரை ரொம்பக் கோவமா இருக்காரு லா.”

நான் பங்களா வாசலுக்கே போய் நின்றேன். “தப்பு என்னுதுங்க தொர. பெயிண்ட் அடிச்சுக் குடுத்துர்றோம்.”

“அந்தப் பறவை காட்டுல அழிஞ்சு போவுது. உங்களுக்கு எங்க புரியும்?” என்றார் துரை, தோட்டத்துத் தமிழில். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினேன். அதற்காக என்னை இன்றும் திட்டிக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரரைக் காடு வெட்டும் கூட்டத்தில் போட்டார்கள். புதுத் தேயிலை நட, லயத்துக்குப் பின்னால் இருந்த காட்டை அழிக்கச் சொன்னதும் அதே துரைதான். அங்கே ஒரு மரப்பொந்தில் அந்தப் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டுவதைப் பார்த்துவிட்டு இவர் கங்காணியிடம் கெஞ்சியிருக்கிறார். “இந்த ஒரு மரத்த விட்டுரலாங்க.”

“பறவையால டிரைவர் வேல போனது பத்தலையா ஒனக்கு? வெட்டு லா.”

வெட்டினார். மாலை கோடாரியோடு ரோட்டோரம் ஒதுங்கி நின்றபோது துரையின் கார் கடந்ததாம். தட்டில் பறவைக்குப் புதுப் பெயிண்ட், கண் உட்பட. இதைச் சொல்லிவிட்டுச் சோற்றைத் தள்ளிவைத்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க எங்கள் வீட்டில் இருந்தது அந்தக் கோடாரிதான். நான் வைக்கவில்லை.