வலது பலகை

தன் கட்டைவிரல் நகத்தைப் பார்க்கவே சிந்துவுக்குப் பிடிக்காமல் போய் ஏழு வாரமாகிறது.

பனிச்சறுக்குப் பலகையின் இரும்பு விளிம்பை நகத்தால்தான் சோதிப்பாள். விளிம்பில் நகத்தை இழுத்தால் வெள்ளைப் பொடி உதிர வேண்டும். முனையில் மட்டும் உதிரக் கூடாது. அந்த ஒரு சாண் நீளத்தை ரப்பர் கல்லால் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்தில் பலகை பனியைக் கவ்வி ஆளைத் தூக்கியெறியும்.

கோவையில் அப்பாவுக்கு லேத் பட்டறை. குடும்பத்தில் முதல் பட்டம் இவளுடையது. மேற்படிப்புக்கு ஆக்லாந்து வந்தவளுக்கு இஞ்சினியர் வேலை கிடைக்கவில்லை. பலகை பழுதுபார்க்கும் கடைக்காரர் கேட்டது ஒன்றுதான்: அரம் பிடிக்கத் தெரியுமா? தெரிந்திருந்தது. விசாவும் அந்த வேலையின் பேரில் வந்தது.

செப்டம்பர் கடைசியில் ரண்ணி வந்தாள். நார்வேக்காரி. ஒன்பது பனிக்காலம் ஓடி, பதினான்கு பந்தயம் வென்றவள். முழங்காலில் இரண்டு அறுவை முடிந்து, ஸ்பான்சரும் போய், தன் பலகைகளைத் தானே தூக்கிக்கொண்டு அலைந்தாள். தெற்கே மலையில் பயிற்சி. தேறினால் இன்னும் ஒரு வருடம் ஓடுவாளாம். "கூராக வேண்டும்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஆயுத பூஜை. அன்று வேலை முடியும் நேரத்தில் சிந்து அரத்துக்கும் கல்லுக்கும் குங்குமம் வைத்தாள். கை சும்மா இருக்கவில்லை. ரண்ணியின் பலகைகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு. பொட்டு வைத்ததை மறுநாள் காலைவரை தொடுவதில்லை, அப்பா பட்டறையில் அப்படித்தான். மிச்சத்தைக் காலையில் பார்க்கலாமென்று கிளம்பினாள். காலை எட்டு மணிக்கு மேசை காலி. ஏழு மணிக்கே ரண்ணி வந்து முதலாளியிடம் வாங்கிப் போயிருந்தாள்.

மிச்சம் என்று எதை நினைத்தாள்? இடது முனையை மழுக்கியது நினைவிருக்கிறது. வலதை?

மூன்றாம் நாள் ரண்ணி விழுந்தாள். பதினொரு விநாடி வீடியோ. வலது பலகை உள்ளே திரும்புகிறது, பிறகு பனிப்புகை. அதே முழங்கால். பந்தய வாழ்க்கை முடிந்ததென்று செய்தி வந்தது. வீட்டுக்குத் திரும்பும் ஏவன்டேல் ரயிலில் சிந்து அதைத் தினமும் பார்த்தாள்.

"திரும்பவும் அதையோ பாக்கிறாய்?" என்றாள் பக்கத்தில் இருந்த லோஜனா. ஒரே வீட்டில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழி. "நீ பாத்தா அவவின்ர கால் சுகம் வருமோ?"

"வலது பக்கம் தேய்ச்சேனான்னு ஞாபகமே வரல."

"பொட்டு வச்சது ஞாபகம், தேய்ச்சது ஞாபகமில்லை. நல்ல இஞ்சினியர். முதலாளிக்குச் சொன்னனியோ?"

"சொன்னா வேலை போயிடும். விசாவும்."

"அப்ப மறந்திடு."

"மறக்க முடிஞ்சா உங்கிட்ட ஏன் சொல்றேன்?"

ஜன்னலில் இருவர் முகங்களும் தெரிந்தன. சிந்துவுக்கு மட்டும் மூன்றாவதாக ரண்ணியின் முகமும் தெரிந்தது.

நவம்பரில் ரண்ணியின் பலகைகள் கடைக்கே கூரியரில் திரும்பி வந்தன. உறையில் சீட்டு: "விற்றுவிடுங்கள். சிவப்புப் புள்ளியை யார் வைத்தார்கள்? எனக்குப் பிடித்திருந்தது." கீழே தொலைபேசி எண்.

துடைத்துக் கூர் தீட்டி, முனைகளை மழுக்கிவிட்டால் போதும், எதுவும் தெரியாமல் போய்விடும். அரம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. சிந்து அதை எடுக்கவில்லை. இடது முனையில் நகத்தை இழுத்தாள். வழுக்கியது. வலதுக்கு வந்தாள். இழுத்தாள்.

நகத்திலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்து, மங்கிப்போன பொட்டின்மேல் விழுந்தது.

முன்னறையில் முதலாளி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் பிறகு சொல்லலாம். முதலில் சொல்ல வேண்டியவள் வேறு. சிந்து எண்ணை அழுத்தினாள். நெடுநேரம் மணி அடித்து, மறுமுனையில் தூக்கம் கலைந்த குரல் கேட்டது.

அந்தச் சிவப்புப் புள்ளியை வைத்தவள் நான்தான் என்று தொடங்கினாள்.