எதிராளி வேனில் அக்காவின் குரல்

என் அக்காவுக்கு இரண்டு காரியம் நன்றாக வரும். ஒன்று சட்டை தைப்பது. இன்னொன்று மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவது. முதலாவது எங்களுக்குச் சோறு போட்டது. இரண்டாவது அந்தச் சோற்றில் மண்ணைப் போட்டுவிடும் என்று எனக்கு எப்போதும் பயம்.

அவள் கவுன்சிலர் தேர்தலில் நின்றபோது சிரிக்காதவர்களே இல்லை. ஆனால் எங்கள் பகுதியில் ஓட்டு வாங்கிப் போனவரின் முகத்தை அடுத்த தேர்தலில்தான் பார்க்க முடியும். அக்காவைப் பார்க்கத் தையல் கடைக்கு வந்தால் போதும். அதனால்தான் ஜெயித்தாள் என்று நினைக்கிறேன். மெஷினை மிதித்துக்கொண்டே குறை கேட்பாள். பக்கத்தில் நான் பட்டன் வைத்துக்கொண்டிருப்பேன்.

முதல் வேலையாக மழைநீர்க் கால்வாய் கொண்டுவந்தாள். அதைப் பின்சந்து வழியாகச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும் என்றார் நகராட்சி இன்ஜினியர். மழைக்குள் முடிய வேண்டும், நேராகவே விடுங்கள் என்று இவள் பிடிவாதம் பிடித்துச் சாதித்தாள். முதல் பெருமழையில் தண்ணீர் திரும்பி ஓடிவந்து பள்ளத்தெரு வீடுகளுக்குள் முழங்கால் அளவு நின்றது.

பழியைக் காண்ட்ராக்டர் தலையில் போட்டுவிடலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். நானும் சொன்னேன். அக்கா தண்ணீரில் இறங்கி, கூடி நின்ற தெருக்காரர்கள் முன்னால் மைக்கை வாங்கினாள்.

"காண்ட்ராக்டர் மேல ஒண்ணும் இல்ல. இன்ஜினியர் வேண்டாம்னுதான் சொன்னார். நான்தான் கேக்கல. இது என் தப்பு. மறுபடி தோண்டிப் பின்சந்து வழியாக் கொண்டுபோறது என் பொறுப்பு."

முன்வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற பெரியவர் எரிச்சலாகக் கேட்டார்: "திட்டலாம்னு வந்தேன். எல்லாத்தையும் நீயே சொல்லிட்டா நான் என்னம்மா பண்றது?"

வீட்டுக்கு வந்ததும் நான் குதித்தேன். அவள் அசையவில்லை.

"இன்னிக்கு ஒரு பொய் சொன்னா அடுத்த மழைக்கு இன்னொண்ணு வேணும்டா. எனக்கு அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது."

நகராட்சியில் நடையாய் நடந்து பணம் ஒதுக்க வைத்தாள். பின்சந்தில் பாதி தோண்டியிருக்கும்போதே அடுத்த தேர்தல் வந்துவிட்டது. எதிரே நின்றவர் மரக்கடை முதலாளி. தான் வந்தால் அந்தப் பள்ளத்தை மூடிவிட்டு ரோடு போடுவதாக மேடையிலேயே சொன்னார். அக்கா தோற்றால் பள்ளத்தெரு ஒவ்வொரு மழைக்கும் மிதக்கும். அங்கே யாருக்கும் தூக்கம் இல்லை.

"நுணலும் தன் வாயால் கெடும்" என்று சிரித்த முதலாளி, அக்கா அன்று பேசியதன் பதிவை எங்கிருந்தோ பிடித்துவிட்டார். முன்னும் பின்னும் வெட்டி, "நான்தான் கேக்கல, இது என் தப்பு" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, வேனில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகப் போட்டார். நான் கையிலிருந்த பட்டனை விட்டெறிந்தேன். அக்கா மட்டும் துணியை வெட்டிக்கொண்டே, "குரல் கொஞ்சம் கரகரன்னு இருக்குல்ல?" என்றாள்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒவ்வொரு தேர்தல் அன்றும் ஓட்டுப் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் டீச்சரம்மா, ஒருநாள் சட்டை வாங்க வந்தவர், வேன் தாண்டிப் போகும்வரை வாசலிலேயே நின்றார்.

"எனக்கு வயசு அம்பது. பதவில இருக்கற ஒருத்தர் வாயிலேர்ந்து 'என் தப்பு'ன்னு இப்பத்தான் கேக்கறேன். இந்தத் தடவை ஓட்டுப் போட வரேன்."

அவர் மட்டுமல்ல, யாருக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்தவர்களெல்லாம் வரிசையில் வந்து நின்றார்கள். பள்ளத்தெரு மொத்தமும் விடியும் முன்பே வந்துவிட்டது. போன தடவையைவிட இரண்டு மடங்கு வித்தியாசத்தில் அக்கா ஜெயித்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை மரக்கடை முதலாளியிடம்தான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, அழுதேன்.

ஓட்டு எண்ணிய இடத்தில் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அக்கா முன்னால் தயங்கி நின்றார்.

"அக்கா, அந்த வேன் என்னுதுதான். பொழுதன்னிக்கும் உங்க குரல் என் தலைக்கு மேலயே ஓடிட்டிருந்தது. வாடகை அவர் குடுத்தார். ஓட்டை உங்களுக்குப் போட்டேன்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"நாளைக்குப் பின்சந்துல மண்ணு அள்ளணும். வண்டி வருமா?"

"ஸ்பீக்கரக் கழட்டிட்டு வந்துடறேன்க்கா" என்றார் அவர்.